உங்களுக்குத் தெரியுமா? மாரிகுப்பம் ரயிலில் திறக்காத வெப்சைட் வெப்சைட்டே அல்ல!

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்ட நாள் 2001 பிப்ரவரி 28. அதற்குப் பிறகு இந்த ஊரின் பிழைப்பு தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. விடியும் முன்பே மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் ரயில் ஏறி, பங்காரப்பேட்டை வழியாக ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அதில் வெப்சைட் கட்டுபவர்களும் உண்டு, கட்டக் கற்பவர்களும் உண்டு. அவர்களுக்கும், அவர்கள் கட்டியதைப் போனில் தட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் இந்தத் துணுக்குகள்.

முதல் கரண்ட் யாருக்கு?

சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். பெங்களூருத் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பின், 1905-இல்தான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் பெங்களூரில் கடை விரித்த பிறகு காட்சி மாறியது. முதலில் கரண்ட் வந்த ஊர்க்காரர்கள், பிறகு கரண்ட் வந்த ஊருக்கு கம்ப்யூட்டர் வேலை தேடிப் போகிறார்கள்.

விஞ்ஞானிகள் தந்த இலவசம்

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-இல் பதிவு செய்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய மூன்று இடத்து விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த வேலை அது. இப்படி நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் இயற்பியல்காரர்கள் தகவலைப் பகிர்ந்துகொள்ளத்தான், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வெப் என்ற திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை உலகத்துக்கே இலவசமாக விட்டுக் கொடுத்தது.

பயன் குறிப்பு: கம்ப்யூட்டர் பிரவுசரில் எந்தப் பக்கத்தையும் ரைட் கிளிக் செய்து அதன் மூல நிரலைப் பார்க்கலாம். காசு வாங்காத வாத்தியார் அதுதான்.

"இதை அணைக்காதீர்கள்!"

உலகின் முதல் வெப் சர்வர் ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டர். யாராவது சுவிட்சை அணைத்துவிடப் போகிறார்கள் என்று, 'இது சர்வர், அணைக்க வேண்டாம்' என சிவப்பு மையில் எழுதி அதன் மேல் ஒட்டி வைத்திருந்தார்கள். அன்றைய முதல் வெப்சைட்டைப் பழைய முகவரியிலேயே 2013-இல் செர்ன் மீண்டும் ஏற்றியது. இன்றைய போனிலும் அது கண் இமைப்பதற்குள் திறக்கிறது. காரணம், அதில் இருப்பது வெறும் எச்டிஎம்எல். அடிப்படை எச்டிஎம்எல்லை ஒழுங்காக எழுதினால் முப்பது ஆண்டானாலும் கெடாது.

பத்து நாளில் பிறந்த மொழி

இன்று ஏறக்குறைய எல்லா வெப்சைட்டிலும் ஓடும் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995 மே மாதத்தில் பத்தே நாளில் எழுதி முடித்தார், நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக். ஜாவாவுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. 'ஜாவா படித்தால் ஜாவாஸ்கிரிப்ட் தானாக வந்துவிடும்' என்று எந்த இன்ஸ்டிடியூட்டாவது சொன்னால் ஃபீஸ் கட்டும் முன் ஒருமுறை யோசியுங்கள். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்ற வரிசையில் கற்று, ஃப்ரேம்வொர்க்கைக் கடைசியாகத் தொடுங்கள். ஃப்ரேம்வொர்க்குகள் வரும், போகும். இந்த மூன்றும் நிற்கும்.

ரெண்டு தடவை அழுத்தினால் ரெண்டு தடவை பணமா?

ரயில் மாலூரைத் தாண்டுகிறது. ஒருவர் போனில் கரண்ட் பில் கட்டுகிறார். 'பணம் செலுத்து' பட்டனை அழுத்தியதும் சிக்னல் போகிறது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வார்? மறுபடி அழுத்துவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். தப்பு அவர் மேல் இல்லை.

வெப்சைட் கட்டுபவர் செய்ய வேண்டியவை இரண்டு. ஒருமுறை அழுத்தியதும் பட்டனை முடக்கி, 'நடந்துகொண்டிருக்கிறது' என்று எழுத்தில் காட்ட வேண்டும். அத்துடன், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண்ணைக் கொடுத்து அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் 'இது ஏற்கெனவே வந்ததுதான்' என்று சர்வர் ஒதுக்கிவிடும். முதலாவது மட்டும் போதாது. பேஜை ரிஃப்ரெஷ் செய்தால் பட்டன் மறுபடி உயிர் பெற்றுவிடும்.

நெட் இல்லாமலும் நினைவில் இருக்கும்

இருபது கட்டம் கொண்ட ஃபார்மை நிரப்பி முடிக்கும் நேரத்தில் நெட் போய், எல்லாம் அழிந்துபோன எரிச்சல் நமக்கெல்லாம் பழக்கம். எழுதுவதை அவ்வப்போது போனிலேயே சேமித்துவைக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் என்ற வசதி பிரவுசரில் இருக்கிறது. நாலைந்து வரி நிரல் போதும். ஒரே எச்சரிக்கை: பாஸ்வேர்டு, கார்டு நம்பர், ஆதார் எண் போன்றவற்றை அதில் வைக்கக் கூடாது. பிரவுசிங் சென்டரில் அடுத்து உட்காருபவர் கையில் அது போய்ச் சேரும்.

ஆபீஸ் வைஃபை பொய் சொல்லும்

ஆபீஸ் வைஃபையில் வேகமாகத் திறப்பது ரயிலில் திறக்காமல் போகலாம். குரோம் பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போனால், நெட் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்க்கும் வசதி உண்டு. முழுக்கத் துண்டித்தும் பார்க்கலாம். வேலையை முடித்ததாகச் சொல்லும் முன் இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். காத்திருத்தலைப் பற்றி, பயன்பாட்டு வசதியை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1993-இல் சொன்ன கணக்கு இன்றும் செல்லும்: 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும்.

ஒரு போட்டோ, ஐந்து எம்பி

போனில் எடுத்த போட்டோ சாதாரணமாக மூன்று முதல் ஐந்து எம்பி இருக்கும். கல்யாண மண்டபத்து வெப்சைட்டில் அப்படிப் பத்து போட்டோவை அப்படியே ஏற்றினால், பார்க்க வருபவரின் டேட்டாவில் 40 எம்பி காலி. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, கூகுள் 2010-இல் கொண்டுவந்த வெப்பி வடிவத்தில் சேமித்தால், ஒவ்வொன்றும் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். படத்தின் அகல உயரத்தை நிரலில் எழுதிவிடுவதும் முக்கியம். இல்லாவிட்டால் படம் தாமதமாக வந்து விழும்போது பக்கம் குதிக்கும். அழைக்கும் பட்டனைத் தொடப்போன விரல் விளம்பரத்தைத் தொட்டுவிடும்.

காலை ஐந்தரை வரை நேற்று

உலகத்தின் பெரும்பாலான சர்வர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அதனால் நமக்கு நள்ளிரவு தாண்டிய பிறகும் காலை 5:30 வரை சர்வருக்கு முந்தைய தேதிதான். ஜனவரி 1 காலை 5 மணிக்கு பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு ஒருவர் விண்ணப்பம் போட்டால், சர்வர் குறித்துக்கொள்வது டிசம்பர் 31, இரவு 11:30. ஆண்டே மாறிவிடும். பத்து மணிக்கு ஆபீஸ் வந்து சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது. முதல் ரயிலுக்கு எழுந்து வருபவர்தான் மாட்டுவார்.

பயன் குறிப்பு: நேரத்தை யுடிசியிலேயே சேமியுங்கள், காட்டும்போது 'ஏசியா/கொல்கத்தா' நேரத்துக்கு மாற்றிக் காட்டுங்கள். அன்றைய கணக்கு, மாதக் கணக்கு எடுக்கும் இடங்களில் இரண்டு மடங்கு கவனம்.

மார்ச்சா, ஏப்ரலா?

03/04/2025 என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால் பிரவுசர்கள் அதை மார்ச் 4 என்று படிக்கும். நமக்கு அது ஏப்ரல் 3. பன்னிரண்டாம் தேதி வரை பிழை தெரியாது. பதின்மூன்றாம் தேதி ஆனதும் 'செல்லாத தேதி' என்று கத்தும். 2025-04-03 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

2038 ஜனவரி 19, காலை 8:44:07

1970 தொடக்கத்திலிருந்து ஓடிய நொடிகளை எண்ணித்தான் பல கம்ப்யூட்டர்கள் நேரம் பார்க்கின்றன. பழைய 32 பிட் முறையில் எண்ணக்கூடிய கடைசி நொடி 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அது தீரும் நேரம்தான் மேலே இருக்கிறது, நம் இந்திய நேரப்படி. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் டைம்ஸ்டாம்ப் என்ற வகையும் அந்த நாளோடு முடிகிறது. இன்னும் வெகுநாள் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இன்று போடும் 20 ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை அந்தத் தேதியைத் தாண்டித்தான் வருகிறது.

தங்கவயலுக்கு எத்தனை எழுத்து?

விரல் விட்டு எண்ணுங்கள்: த, ங், க, வ, ய, ல். ஆறு. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் எட்டு என்கிறது. இரண்டு புள்ளிகளையும் அது தனி எழுத்தாக எண்ணுகிறது. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட். ஆகவே 'பெயர் 10 எழுத்துக்குள் இருக்க வேண்டும்' என்று ஆங்கிலத்தை நினைத்து எழுதிய விதி, தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டிவிடும். சில சமயம் புள்ளியை மட்டும் கீழே தள்ளிவிட்டு, 'ல்' என்பதை 'ல' ஆக்கிவிடும். எழுத்தை நம்மைப் போல எண்ணத் தெரிந்த செக்மென்டர் என்ற கருவி இப்போது பிரவுசர்களிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

எஸ்எம்எஸ் அனுப்பும் வேலை என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 இடம். தமிழ் வந்த உடனே அது 70 ஆகிவிடும். 71-ஆவது இடத்துக்கு இன்னொரு மெசேஜுக்கான காசு.

கோலார் இருந்தும் கோலாரைக் காணோம்

'கோ' என்ற எழுத்தின் துணைக்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. ஒருவர் ஒரு விதமாக ஏற்றிவைத்த 'கோலார்', இன்னொருவர் வேறு விதமாகத் தேடும்போது கிடைக்காது. சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் எழுத்தை என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். காலுக்குப் பதிலாக 'ர' எழுத்தைத் தட்டிவைப்பவர்களும் உண்டு. அதற்கு மருந்து இல்லை, கண்தான் வேண்டும்.

அச்சுக்கூடம் இருந்த ஊர்

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் காலத்துக்குப் பிறகு தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலம். கம்ப்யூட்டரில் தமிழை ஏற்றவும் அதே உழைப்பு தேவைப்பட்டது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1990-களின் நடுவில் இணையத்தில் தமிழைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை மின்னெழுத்தில் ஏற்றியது.

இவ்வளவு பேர் பாடுபட்ட பிறகும், கோயில் திருவிழா அழைப்பையும் இரங்கல் செய்தியையும் படமாக மட்டும் போடுகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரிதாக்கினால் மங்கும், எளிதில் நகலெடுக்கவும் முடியாது. படத்தோடு நாலு வரி எழுத்தாகவும் போடுங்கள்.

"லாஸ்ட் நேம்ல இன்னா போடறது, அண்ணா?"

பிரவுசிங் சென்டர்களில் கேட்டுக் கேட்டுப் புளித்த கேள்வி. தமிழ்ப் பெயரில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கிறது, குடும்பப் பெயர் கிடையாது. ஃபார்மோ லாஸ்ட் நேம் கட்டாயம் என்கிறது. இனிஷியலைப் போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்து' என்கிறது. புள்ளி வைத்தால் 'தவறான குறியீடு' என்கிறது. வேறு வழியில்லாமல் ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு முறை போடுகிறார். பிறகு பாஸ்போர்ட்டில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று, பேங்க் பாஸ்புக்கில் ஒன்று என்று ஆயுசுக்கும் அலைச்சல். 'முழுப் பெயர்' என்று ஒரே கட்டம் வைத்தால் பெரும்பாலான வேலைக்கு அது போதும்.

காணாமல் போன சுழியம்

தங்கவயலின் எஸ்டிடி எண் 08153. இதை டேட்டாபேஸில் எண்ணாகச் சேமித்தால் 8153 ஆகிவிடும், முன்னால் இருக்கும் சுழியம் பறந்துவிடும். எக்செல்லில் திறந்தாலும் இதே கதை. கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எதையும் எண்ணாக வைக்காதீர்கள். போன் நம்பர், பின்கோடு, அக்கவுன்ட் நம்பர், ஆதார் எல்லாமே எழுத்தாகத்தான் சேமிக்கப்பட வேண்டும்.

நகைக்கடைக் கணக்கு

தங்கவயல் தன் 120 ஆண்டு வாழ்வில் தந்த தங்கம் சுமார் 800 டன் என்பார்கள். அதில் ஒரு கிராமை ஜாவாஸ்கிரிப்டிடம் நம்பி ஒப்படைக்க முடியாது. 0.1 + 0.2 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 0.30000000000000004 என்று பதில் வரும். இது ஜாவாஸ்கிரிப்டின் குறை மட்டும் அல்ல. தசமத்தை இரும எண்ணில் எழுதும் முறையிலேயே அது இருக்கிறது. வழி எளிது: எடையை மில்லிகிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக வைத்துக் கணக்குப் போடுங்கள். பில்லில் காட்டும்போது கிராமுக்கும் ரூபாய்க்கும் மாற்றுங்கள்.

பில்லில் 1,234,567 என்று போட்டால் நம்மவர்கள் ஒரு நிமிடம் விழிப்பார்கள். 12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி வைக்க பிரவுசரிலேயே வசதி இருக்கிறது. மொழி அமைப்பை இந்தியாவுக்கு மாற்றினால் போதும்.

கைரேகைக்கு எதிராக ஒரு வேலைநிறுத்தம்

தொழிலாளர்களின் கைரேகையை வாங்கிப் பதிவு செய்யும் முறையை 1930-இல் சுரங்க நிர்வாகம் கட்டாயமாக்கியபோது, தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தன் உடம்பின் அடையாளம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியை அப்போதே கேட்ட ஊர் இது. இன்று பிரியாணி ஆர்டர் செய்யும் ஆப்பே பிறந்த தேதியைக் கேட்கிறது. நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஃபார்மில் ஒவ்வொரு கட்டம் வைக்கும்போதும் 'இது எதற்கு?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். வாங்காத தகவல் திருடு போகாது.

3.2 கோடி பாஸ்வேர்டு, பூட்டில்லாத பெட்டி

2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தின் டேட்டாபேஸ் திருடு போனது. உள்ளே 3.2 கோடி பாஸ்வேர்டுகள், எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. அதிகம் பேர் வைத்திருந்தது 123456. பாஸ்வேர்டை ஒருபோதும் அப்படியே சேமிக்காதீர்கள். பிகிரிப்ட் போன்ற முறையில் திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றியே வைக்க வேண்டும். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்றதும் பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்பும் வெப்சைட்டைக் கண்டால், அது பூட்டில்லாத பெட்டி என்று புரிந்துகொள்ளுங்கள்.

பதினொரு வரி, பாதி உலகம்

சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும் லெஃப்ட்-பேட் என்ற சின்ன நிரலில் இருந்தது 11 வரி. 2016 மார்ச்சில் ஒரு தகராறில் அதை எழுதியவர், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை வைக்கும் என்பிஎம் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதை நேராகவும் சுற்றி வளைத்தும் நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் அப்படியே நின்றன. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து அதைத் திரும்ப வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். பத்து வரியில் நீங்களே எழுதக்கூடியதற்குப் பேக்கேஜ் தேடாதீர்கள்.

இரண்டாவது வழி திறக்கிறதா?

நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டும் என்பது சட்ட விதி. வெப்சைட்டுக்கு அந்த இரண்டாவது வழி பேக்அப். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் கட்டளை போட்டு, உண்மையான டேட்டாபேஸையே அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்அப் ஏற்பாடு இருந்தது. அவசரத்துக்கு எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக சில மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

எடுத்து வைத்தால் மட்டும் அது பேக்அப் ஆகாது. திரும்ப ஏற்றிப் பார்த்தால்தான் பேக்அப். மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாருங்கள்.

பூட்டுச் சின்னத்துக்கும் காலாவதி

2018 ஜூலை முதல், எச்டிடிபிஎஸ் என்ற பூட்டு இல்லாத வெப்சைட்டை 'பாதுகாப்பற்றது' என்று குரோம் பெயர் சொல்லியே காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் இதற்கான சான்றிதழை இலவசமாகத் தருகிறது. ஆனால் அது அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும். எந்தச் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் செல்லாது என்ற நிலை 2029 மார்ச்சில் வரப்போகிறது. கையால் புதுப்பிக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். அது ஓடாமல் நின்றால் உங்களுக்கு மெயில் வரும்படியும் செய்யுங்கள்.

கண் தெரியாதவர் கட்டிய கருவி

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை 2006-இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன். அவரோடு சேர்ந்து அதை வளர்த்தவர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள். தமிழையும் அதில் கேட்கலாம். ஆனால் பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லின் தொடக்கத்தில் நீங்கள் குறிக்காவிட்டால், வாசிக்கும் கருவி எந்த மொழி என்று தெரியாமல் திணறும். உங்கள் பக்கத்தைச் சோதிக்க எளிய வழி: மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையால் நகர்ந்து, கீபோர்டை மட்டும் வைத்து ஃபார்மை முடித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் பலருக்கும் முடியாது.

நாலு மொழி ஊர்

தங்கவயலில் ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் நாலும் கேட்கும். மொழி மாற்றும் பட்டனில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள். 'டமில்' என்று ஆங்கில எழுத்தில் போட்டால், ஆங்கிலம் தெரியாதவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனுக்குள் தமிழ் அடங்காது என்பதையும் மறக்காதீர்கள். வரிக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். இல்லையென்றால் மேல்வரியின் கொக்கி கீழ்வரியின் சுழியில் இடிக்கும்.

யஷ் வந்து நிற்கிறார்

தங்கவயலைச் சுருக்கி கேஜிஎஃப் என்று தேடினால், யஷ் நடித்து 2018-இலும் 2022-இலும் வந்த சினிமாதான் முன்னால் வந்து நிற்கிறது. உங்கள் டெய்லர் கடையும் டியூஷன் சென்டரும் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வர முடியாது. பக்கத்தின் தலைப்பில் 'ராபர்ட்சன்பேட்டை', 'ஆண்டர்சன்பேட்டை', 'கோலார் தங்கவயல்' என்று இடத்தை முழுசாக எழுதுங்கள். தேடுபவரும் கடை இருக்கும் பேட்டையின் பெயரைச் சொல்லித்தான் தேடுவார்.

ஒரு வரியில்

● எழுதும் கட்டத்தில் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோன் தானாகப் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும்.

● பட்டனை 44 பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள். உழைத்துக் காய்த்த விரலும் தொட வேண்டும்.

● வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து, வெயிலில் நிற்பவருக்குத் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு வேண்டும் என்பது உலக விதி.

● 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

● வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதிய நிரலை ஏற்றாதீர்கள். கடைசி ரயிலும் போய்விடும், சனிக்கிழமையும் போய்விடும்.

டொமைன் யார் பெயரில்?

ஊர்க் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. டொமைனைக் கடைக்காரர் பெயரிலேயே, அவர் மெயிலிலேயே, அவர் பணத்திலேயே வாங்குங்கள். உங்கள் பெயரில் வாங்கிவைத்தால், நீங்கள் வேலை மாறி வெளியூர் போன பிறகு, புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். ஒருநாள் கடையின் பெயர் கைமாறிவிடும். கடைக்காரர்களே, நீங்களும் பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள். வேலையை முடித்ததும் பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒப்படைப்பதும் வேலையில் சேர்ந்ததுதான்.

ஐந்து பேர் போதும்

ஒரு வெப்சைட்டை ஐந்தே பேரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லி கவனித்தால், அதிலுள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும் என்று நீல்சன் 2000-இல் எழுதினார். ஐந்து பேரைத் தேடி எங்கும் போக வேண்டாம். சுவர்ணா வண்டியோ மெமுவோ, ஏறி உட்கார்ந்தால் சுமார் இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம், 'அக்கா, இதுல ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டுப் பாருங்களேன்' என்று போனை நீட்டுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். 'அங்க இல்லக்கா, மேல அழுத்துங்க' என்று நீங்கள் சொல்ல வேண்டி வந்தால், சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான். அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.